உன் பேரில் வந்த உப்புத் தண்ணீர்

கையில் ஈரத்தோல் வாடை அடிக்கிறது, தோஸ்த். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன், போகமாட்டேன் என்கிறது. காலையில் கிணற்றுக் கயிற்றில் உன் சிவப்புத் தோல் துண்டை வைத்து மறுபடி முடிச்சுப் போட்டேன். மழைக்குப் பிறகு இறைத்த முதல் தண்ணீரைக் கொண்டுவந்து துவரம்பருப்பு வைத்திருக்கிறேன். குக்கரில் இல்லை. "குக்கர்ல கருங்கல்லு கூட வெந்துடும்டி, அதை வெச்சு தண்ணிய நம்பாதே" என்பாயே, அதனால் வாய் திறந்த பாத்திரத்தில்தான். அது கொதிக்கிற நேரத்தில் உனக்கு இதை எழுதுகிறேன். வெந்ததா இல்லையா என்று கடைசியில் சொல்கிறேன். அதுவரை பொறு. உயிரோடு இருந்தவரை உன்னிடம் இல்லாத குணம் அது. இப்போது உனக்கு வேறு வேலை இல்லை, பழகிக்கொள்.

நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. உன் மகன் நதீம் உன் பேரில் ஒரு புண்ணிய காரியம் செய்தான். அந்தப் புண்ணியத்தில் நம் தெருவின் நல்ல தண்ணீர் போய்விட்டது. நான் குறுக்கே விழுந்து அதை நிறுத்தினேன். தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், எனக்கு வாய்வலி மிச்சம்.

நான் கல்யாணமாகிப் பள்ளிகொண்டா பக்கம் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. தெருக்கோடியில் பாலாற்றங்கரை மணல்மேடு, அதில் சவுக்குத் தோப்பு, தோப்புக்கு நடுவில் ஆழமில்லாத உறைக்கிணறு. குடத்தை வைத்துவிட்டுக் கயிற்றை விட்டேன். பக்கெட் தொப்பென்று விழுந்து முழுகியது. உடனே பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"அரே, மெதுவாடி! முங்க வைக்காதே. மேலாக்க மோந்துக்கோ."

திரும்பிப் பார்த்தால் நீ. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. புதுப்பெண் என்றால் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா?

"இன்னா, கெணறு உங்க அப்பன் வூட்டுதா?" என்றேன்.

"எங்கப்பன் வூட்டுக் கெணறு செத்துப் போச்சு. அதனாலதான் சொல்றேன்" என்றாய்.

கிணறு எப்படிச் சாகும் என்று எனக்குப் புரியவில்லை. உன்னிடம் கேட்கவும் ரோஷம் விடவில்லை. அதன்பிறகு நானும் ஷூ கம்பெனியில் சேர்ந்து, ஷூவின் மேல்தோல் தைக்கிற வரிசையில் உன் பக்கத்து மெஷினிலேயே உட்கார்ந்தேன். கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போகும்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாய். ஆற்காட்டில் உன் பிறந்த வீட்டுக் கிணறு கற்கண்டு மாதிரி இருந்ததாம். ஒரு கோடையில் தண்ணீர் கம்மியானதும் உன் அண்ணன்மார்கள் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். தண்ணீர் பொங்கி வந்தது. சந்தோஷத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் மக்கன் பேடா கொடுத்தார்கள். அந்த இனிப்பு தீர்வதற்குள் டீக்குக் காய்ச்சிய பால் திரிந்துபோனது. பிறகு அந்தக் கிணறு நல்ல தண்ணீராகத் திரும்பவே இல்லை. துணி துவைத்தால் நுரை வராதாம். உன் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்ப் பேச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கிவிடும்.

"தயிர் மேல ஏடு இருக்குதுல்ல, அதான்டி நம்ம தண்ணி. ஏட்டை மட்டும் எடுத்தா நாளைக்கும் ஏடு கட்டும். கரண்டியை உள்ள உட்டுக் கலக்கினியா, ஏடும் போச்சு, தயிரும் போச்சு."

நம் ஊர் மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த பஸ் பேச்சில் தொடங்கியதுதான். தோல் ஊர் நம்முடையது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பில் புரட்டி வைப்பார்கள். அந்த உப்பைக் கழுவிய தண்ணீர் நம் பாட்டன் காலத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. களிமண்ணாக இருந்தால் மேலேயே தேங்கி நாறியிருக்கும். மணல் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. நல்லதோ கெட்டதோ, ஊற்றியதைக் கீழே அனுப்பிவிடும். உப்புத் தண்ணீர் கனம், அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் லேசு, அது மேலே மிதந்தமாதிரி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தடுப்பு ஒன்றும் கிடையாது. மேலே இருப்பதைப் பதமாக மொண்டுகொண்டால் கீழே இருப்பது கீழேயே கிடக்கும். அவசரப்பட்டு உறிஞ்சினால் அது எழுந்து வந்துவிடும். அந்தத் தோலில் வந்த சம்பளத்தில்தான் நீயும் சோறு தின்றாய், நானும் தின்றேன். ஆகவே தோலைத் திட்டி நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. ஏட்டைக் கலக்குகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அதற்காகத்தான் நீ கயிற்றில் முடிச்சுப் போட்டாய். கம்பெனியின் வேஸ்ட் மூட்டையிலிருந்து எடுத்த சிவப்புத் தோல் துண்டைக் கயிற்றில் வைத்து இறுக்கி முடிவாய். அந்த முடிச்சு ராட்டினத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும், பக்கெட் அதற்குமேல் இறங்காது. தண்ணீர் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் நீயே வந்து அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டுவாய். வேறு யாராவது கை வைத்தால் தெருவே கேட்கும்படி கத்துவாய். மதியத்துக்கு மேல் யாரும் இறைக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். கிணறு மூச்சு விடணுமாம். "இது கெணறா, ஆபீசா? டைம் போட்டு வெச்சிருக்குது" என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். நானும்தான். ஆனால் ஊரெல்லாம் பால் திரிந்த கோடையில்கூட நம் தெருவில் திரியவில்லை. அதைப் பார்த்தபிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். சரி, முழுசாக மூடவில்லை. கொஞ்சம் மூடினேன்.

நீ சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும் என்றாய். ஃபில்டர் மெஷினில் வந்த தண்ணீர் செத்த தண்ணீர் என்றாய். மிக்ஸியில் அரைத்த சட்னியை நாய்கூடத் தின்னாது என்றாய், தெரு நாய் உன் கண் முன்னாலேயே தின்றது. உன் வாய்க்கு எது வந்தாலும் அது சட்டம். அதனால்தான் நீ தோப்பு மணலைப் பற்றிச் சொன்னதையும் முதலில் யாரும் நம்பவில்லை.

அந்த மழை ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி லீவு நாள். சுள்ளி பொறுக்கப் போனோம். நல்ல கோடைக்குப் பிறகு வந்த முதல் மழை. சவுக்கு மரத்தடியில் ஒண்டிக்கொண்டு நின்றபோது நீதான் காலடியில் காட்டினாய். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருளுவதுபோல அந்த மணல்மேல் மழைத்தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மணலில் தண்ணீர் ஒட்டாமல் ஓடுமா? விரலால் கீறிப் பார்த்தோம். மேலே நனைந்திருந்தது, உள்ளே வெறும் புழுதி. தோப்புக்கு வெளியே வெட்டவெளி மணலைத் தோண்டினால் முழங்கைவரை ஈரம். சவுக்கு ஊசிச் சருகு விழுந்து விழுந்து மட்கி, அதிலிருந்து ஒரு மெழுகு மணல்மேல் படிந்துவிடுகிறது. கோடையில் காயக் காய அது இறுகிப்போகிறது. முதல் மழை அத்தனையும் தோப்பில் இறங்காமல் வழிந்து ஆற்றுப் பள்ளத்துக்குப் போய்விடுகிறது.

"யா அல்லா, நம்ம தண்ணி நம்ம கண்ணு முன்னாடியே ஓடுதுடி!" என்று கத்திக்கொண்டு அந்த மழையிலேயே கையால் மணலைக் கிளற ஆரம்பித்தாய். நானும் குனிந்து கிளறினேன். இரண்டு பைத்தியங்கள் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து பல் வைத்த இரும்பு வாரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டாய். ஏலகிரிப் பக்கம் வானம் கறுத்தால் போதும், வாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். சருகை ஒதுக்கி, மேல் மணலை லேசாகக் கீறிவிடுவாய். கோடையில் மட்டும் யாரும் அந்த மணலைத் தொடக் கூடாது. மேலே காய்ந்த மணல்தான் அடியிலுள்ள ஈரத்துக்கு மூடி, மூடியைத் திறந்து வைத்தால் வெயில் குடித்துவிடும் என்பாய். தண்ணீர் எடுக்க வந்தவர்கள், உன்னை அக்கா முறையில் ஆபா என்று கூப்பிடுகிறவர்கள், சிரித்தார்கள்.

"இன்னா ஆபா, மணலுக்குத் தலை வாருறியா?"

"உன் தலையவிட மணல்ல பேன் கம்மிடி" என்றாய். சிரித்தவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மணல் அள்ள டிராக்டர் வந்த காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். யார் அனுப்பினார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தோப்புக்கு ஒரே ஒரு வண்டிப்பாதை. நீ வீடு வீடாகப் போய் எல்லார் வீட்டு மிளகாய்வற்றலையும் வாங்கி, பாய் போட்டு, அந்தப் பாதை முழுக்கக் காயவைத்துவிட்டாய். போதாததற்கு உன் மெத்தை, தலையணை எல்லாவற்றையும் கொண்டுவந்து அதற்குப் பின்னால் பரப்பினாய். நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து காக்கா ஓட்டினாய். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"நவுருங்கம்மா, பேஜார் பண்ணாதீங்க."

"நான் இன்னாப்பா பண்ணேன்? மிளகா காயுது. ஏத்து, மேல ஏத்திக்கினு போ. இத்தினி வூட்டு சோத்துல சக்கரத்தை ஏத்துறவன் மூஞ்சிய நானும் பார்த்து வெச்சுக்கறேன்."

அவன் ஏற்றவில்லை. நின்று பார்த்தான், பீடி பிடித்தான், வண்டியைத் திருப்பினான். மறுநாளும் மிளகாய் காய்ந்தது. அதற்கு மறுநாளும். அந்த வருஷம் நம் தெரு மிளகாய்வற்றல் அளவுக்குக் காய்ந்த வற்றல் ஜில்லாவிலேயே இருந்திருக்காது. அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேறு இடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் நம் மணல் தப்பித்தது.

பிறகு எனக்குக் கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கம்பெனியை விட்டு மெஸ் ஆரம்பித்தேன். கம்பெனித் தையல் லைனில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. என் சாம்பாருக்குப் பேர் வந்ததற்குக் காரணம் என் கைப்பக்குவம் என்று நான் சொல்லிக்கொள்வேன். "தண்ணி என்னுது, பேர் உன்னுதா?" என்று நீ வம்புக்கு வருவாய். பருப்பும் எலும்பும் போட்டு நீ வைக்கிற தால்சாவும் அந்தத் தண்ணீரில்தான் அப்படிக் குழைந்தது. அதை மட்டும் நீ ஒப்புக்கொண்டதே இல்லை.

ஒருநாள் மூச்சு வாங்குகிறது என்றாய். நதீம் காரில் ஏற்றி வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாதி வழியிலேயே திரும்பி வந்தான். என்னால் அழக்கூட முடியவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் எந்த வேலையையும் செய்யாதவள் நீ. அடக்கத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் உங்களில் இல்லை, உன் வாசலிலேயே நின்றேன். நதீம் திரும்பி வந்து, "காலா, மண்ணு போட்டு மேல தண்ணி தெளிச்சோம். உடனே குடிச்சிடுச்சு, ஈரமே தெரியலை" என்றான். தாயின் தங்கையைக் கூப்பிடுகிற முறையில்தான் அவன் எப்போதும் என்னைக் கூப்பிடுவான். மணல் வேறென்ன செய்யும் என்று நினைத்தேன், அப்போதுதான் அழுகை வந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அவன் எழுந்து சொன்னான். உன் பேரில் நம் கிணற்றில் போர் இறக்கி, மோட்டார் மாட்டி, மேலே டேங்க் வைத்துத் தெரு முழுக்கக் குழாய் போடப்போகிறானாம். "அம்மா குடம் தூக்கித் தூக்கியே முதுகு வளைஞ்சு போச்சு. இனிமே இந்தத் தெருவுல எந்தப் பொம்பளையும் கயிறு இழுக்கக் கூடாது. விழுற ஒவ்வொரு சொட்டுக்கும் அம்மாவுக்கு சவாப், அந்தப் புண்ணியம், சேந்துக்கினே இருக்கும்." சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் மட்டும் எழுந்து, "வேணாம்டா நதீம். உங்கம்மாவுக்கே புடிக்காது" என்றேன்.

மளிகைக்கடை மூர்த்தி இருக்கிறானே, அவன் முதலில் பாய்ந்தான். "புள்ள தாய்க்குத் தர்மம் பண்றான். அதுக்குக் குறுக்க நிக்கிறியேக்கா, உனக்கே நல்லாருக்குதா?" எல்லாரும் அவன் பக்கம். ஏடு, தயிர் என்று நான் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் யார் காதிலும் ஏறவில்லை. இழவு வீட்டில் தயிர்க்கதை பேசுகிறாள் என்று ஒருத்தி சொன்னதும் என் காதில் விழுந்தது.

போர் இறங்கியது. நீல டேங்க் ஏறியது. அதில் உன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்கள், தமிழில் ஒரு பக்கம், உருதுவில் ஒரு பக்கம். குழாயைத் திறந்தால் கொட்டியது. பைக் கழுவினார்கள், வாசல் கழுவினார்கள், வெயில் தாங்காமல் ரோட்டுக்கே தண்ணீர் அடித்தார்கள். உன் முடிச்சுப் போட்ட கயிறு ராட்டினத்தில் சும்மா தொங்கியது. "மகராசி, செத்தும் தண்ணி குடுக்கறா" என்று உன்னை வாழ்த்தினார்கள். உயிரோடு இருந்தபோது ராட்சசி என்றவர்கள்தான்.

கொஞ்ச நாள்தான். முதலில் டீயில் பால் திரிந்தது. பால்காரனைத் திட்டினார்கள். பிறகு என் மெஸ்ஸில் சாம்பார். "இன்னாக்கா, பருப்பு கல்லு மாதிரி கீது" என்று கேரியர் திரும்பி வந்தது. காரணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் மூர்த்தி கடைக்குப் போய் மூட்டையை மாற்றித் தரச் சொன்னேன். அவன் புது மூட்டை உடைத்துக் கொடுத்தான். அதுவும் வேகவில்லை. "நான் பருப்பை மாத்திட்டேன். நீ சமைக்கிற கையை மாத்து" என்றான். ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை அவன் கல்லாவில் வைத்து, "குடி" என்றேன். குடித்தான். முகம் போன போக்கைப் பார்க்கணுமே! ஆனாலும், "டேங்க்கு புதுசு, பிளாஸ்டிக் வாடை" என்று சாதித்தான். எல்லாருக்கும் நாக்கில் தெரிந்தது. உன் பேர் எழுதிய குழாயைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. உன் மகன் மனம் நோகும் என்று உப்பைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு வாய் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை உன் பக்குவத்தில் தால்சா செய்தேன். அதே சுரைக்காய், அதே புளி, எலும்பு மட்டும் பாய் கடையில் சொல்லி வாங்கினேன். தண்ணீர் உன் குழாயில் பிடித்தது. தொழுகை முடிந்து நதீம் வீட்டுக்கு வந்ததும் தட்டில் சோற்றைப் போட்டு ஊற்றினேன். அவன் முகம் மலர்ந்தது. "அம்மா வாசனை அடிக்குது காலா" என்றான். ஒரு வாய் வைத்தான். மென்றான். பல்லில் பருப்பு நறநற என்றது. இன்னொரு வாய் எடுத்து நிறுத்தினான்.

"பருப்பு வேகலையே காலா."

"காலைல இருந்து கொதிக்குது."

"எந்தத் தண்ணி?"

"உங்கம்மா தண்ணி."

அவனுக்குக் கோபம் வந்தது. தட்டைத் தள்ளினான். "அம்மாவ வெச்சு என்னை அடிக்கிறீங்க" என்றான். "ஆமாண்டா, அடிக்கத்தான் வந்தேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்காட்டுக் கிணறு, மக்கன் பேடா, ஏடு, சிவப்பு முடிச்சு, வாரி எல்லாம். அவன் முழித்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது, தோஸ்த்!

"அம்மா உன்கிட்ட சொல்லவே இல்லியா?"

"கெணத்துப் பக்கம் என்னை உட்டதே இல்ல காலா. குடத்தைத் தொட்டாக்கூட அடிக்கும். நீ போய்ப் படிடான்னு சொல்லும்."

இந்த ஒரு விஷயத்துக்கு உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை. தெருவில் உள்ள ஒவ்வொருத்தியையும் கத்திக் கத்தித் திருத்தினாய். டிராக்டரைத் திருப்பினாய். பெற்ற பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் பெண்பிள்ளைகள் சமாச்சாரம், அவன் பேனா பிடித்தால் போதும் என்று ஒதுக்கி வைத்தாய். பாசத்தில்தான் செய்தாய். அவனும் பாசத்தில்தான் போரை இறக்கினான். இரண்டு பாசமும் சேர்ந்து என் சாம்பாரில் வந்து விடிந்தது.

தள்ளிய தட்டை அவன் மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். "இப்ப நான் நிறுத்திட்டா, அம்மாவுக்குச் சேர்ற சவாப் நின்னு போய்டுமா?"

"உங்க மார்க்கம் எனக்குத் தெரியாதுப்பா. உங்கம்மாவத் தெரியும். இப்ப எழுந்து வந்தாள்னா, டேங்க்ல இருக்கற தன் பேரைத்தான் மொதல்ல கரி பூசி அழிப்பா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தான். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தான்.

மோட்டாரைத் தூக்கிய அன்று தெரு இரண்டுபட்டது. கேன் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகுமா, முனிசிபாலிட்டி தண்ணீர் எப்போது வரும் என்று தெரியுமா, கயிறு இழுக்க யாருக்கு முதுகு இருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் முழங்கால் வலிக்கிறது, எனக்கும் குழாய் சுகம்தான். "வந்துக்கினு இருந்த தண்ணிய நிறுத்தின புண்ணியவதி" என்று மூர்த்தி கும்பிட்டான்.

"உப்புத் தண்ணிதான் வேணும்னா பக்கெட்டுல உப்பைப் போட்டுக் கலக்கிக்கோ மூர்த்தி. உன் கடையிலதான் மூட்டை மூட்டையா கீதே" என்றேன். நதீம் ஆள் வைத்துப் போரின் வாயைக் களிமண்ணால் அடைத்து, மேலே மணல் கொட்டினான். மோட்டாரை ஏற்றிக்கொண்டு வண்டிக்காரர்கள் போகும்வரை நான் கிணற்றுத் திட்டிலிருந்து இறங்கவில்லை. மிளகாய்தான் இல்லை, மற்றபடி உன் முக்காலியேதான் போட்டுக்கொண்டேன்.

டேங்க்கையும் எடுத்துவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். காலி டேங்க்கில் உன் பேர் இருக்கிறது. காக்கா உட்காருகிறது. போகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். எதற்காக நின்றது என்று எவனாவது கேட்பான், சொல்ல நான் இருக்கிறேன்.

அப்புறம் மழைக்குக் காத்திருந்தோம். ஏலகிரிப் பக்கம் கறுத்த சாயங்காலம், நதீம் கம்பெனியிலிருந்து வந்த சட்டையோடேயே உன் வாரியை எடுத்துக்கொண்டு தோப்புக்கு வந்துவிட்டான். அவனுக்குக் கீறத் தெரியவில்லை. வயல் உழுகிறவன் மாதிரி ஆழமாக இழுத்தான். "மெதுவாடா! மேலாக்க கீறு" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது, அது என் குரலே இல்லை. அவனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இருவரும் மறுபடி குனிந்து வாரினோம். மழை பிடித்தது. தோப்புக்குள் ஒரு சொட்டு உருண்டு ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே இறங்கியது. நதீம் முழங்கைவரை மணலில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம் காலா, கீழ வரைக்கும் ஈரம்" என்று கூவினான். நாற்பதைத் தொடப்போகிற ஆள், சட்டையெல்லாம் சேறு.

அடுத்தடுத்து இன்னும் சில மழை. எல்லாவற்றையும் மணல் வாங்கிக்கொண்டது. இன்று காலைதான் துணிந்து கயிற்றை எடுத்தேன். பழைய முடிச்சு நைந்திருந்தது, தோல் துண்டு நன்றாகவே இருந்தது. மட்டம் பார்த்து, இடம் மாற்றிக் கட்டி, பக்கெட்டைச் சத்தமில்லாமல் இறக்கி மேலாக்க மொண்டேன்.

இரு, பருப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன். கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கினேன். வெளியே குழைந்துவிட்டது, நடுவில் மட்டும் ஒரு பொட்டு கெட்டியாக நிற்கிறது. பாதி வெந்திருக்கிறது, தோஸ்த். நதீமுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வாசலில் மூர்த்தி நின்றிருந்தான். என்னோடு பேசாதவன், அவனே கேட்டான்.

"இன்னாக்கா, வெந்துச்சா?"

"பாதி."

"பாதிதானா?"

"போன மாசம் அதுகூட இல்லியே. இன்னும் ரெண்டு மழை பேயட்டும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "பாதி வெந்த வரைக்கும் சரி. கயித்துல அந்த முடிச்சு எதுக்கு? இன்னும் ரெண்டு முழம் உள்ள உட்டா பக்கெட்டு சீக்கிரம் ரொம்புமே" என்றான்.

கரண்டியோடு படி இறங்கினேன், அவன் கடைக்குப் போய்விட்டான். முடிச்சை இறுக்கித்தான் போட்டிருக்கிறேன், தோஸ்த். அவிழ்க்க நினைக்கிறவர்கள் நான் கிணற்றடியில் இருக்கும்போது வரட்டும்.